நேரடி ஒளிபரப்பும் நெடுந்தொலைவும்

 

இம்மாதம் எடுத்துக்கொண்ட விடயம் சிலருக்குச் சிறியதாகத் தோன்றலாம். "மௌலவிக்கு எழுத வேறொன்றும் கிடைக்கவில்லையா? தொலைக்காட்சி பற்றியா எழுதுகிறார்?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. பரவாயில்லை. நமது வீடுகளில் எத்தனை வீட்டில் ஒருவராவது வெளிநாட்டில் இல்லை என்று எண்ணிப் பாருங்கள். வாப்பா குவைத்தில், மகன் கட்டாரில், மருமகன் ரியாத்தில். சில வீடுகளில் உம்மாவே சவூதியில் வேறொருவரின் பிள்ளைக்குப் பால் கரைத்துக் கொண்டிருக்கிறார். ஊரிலும் உலகிலும் நடக்கும் பெரிய காரியங்களை இவர்கள் எல்லோரும் திரையில்தான் பார்க்கிறார்கள். அப்படிப் பார்ப்பதில் ஒரு தவிப்பு இருக்கிறது. ஊரில் இருக்கும் நமக்கு அது விளங்குவதில்லை.

எங்கள் ஊரைச் சேர்ந்த ஒரு சகோதரர் ரியாத்தில் சாரதி. 2022 செப்டெம்பர் 11 ஆம் திகதி, ஆசியக் கிண்ண இறுதிப் போட்டி. இலங்கையில் நடந்திருக்க வேண்டிய போட்டித் தொடர் அது. நாட்டின் பொருளாதார நெருக்கடியால் ஐக்கிய அரபு இராச்சியத்துக்கு மாற்றப்பட்டு, இறுதிப் போட்டி துபாயில் நடந்தது. பெற்றோலுக்கும் கேஸுக்கும் நாம் வரிசையில் நின்று களைத்துப் போயிருந்த ஆண்டு. இந்தச் சகோதரர் முதலாளியின் குடும்பத்தைக் கடைத் தொகுதி ஒன்றில் இறக்கிவிட்டு, காருக்குள் இருந்தபடி கைத்தொலைபேசியில் பார்க்கிறார். 17 ஆவது ஓவர். ஹசரங்க பந்தைத் தேய்த்துக்கொண்டு நிற்கிறார், இன்னும் ஓடத் தொடங்கவில்லை. அந்த நேரம் ஊரிலிருந்து மச்சினன் அழைக்கிறார்: "மச்சான், ரிஸ்வான் போயிட்டான்!"

அந்த ஓவரில் ஹசரங்க மூன்று விக்கட்டுகள் எடுத்தார். மூன்றும் நமது சகோதரருக்கு முன்கூட்டியே தெரிந்துவிட்டது. இலங்கை 23 ஓட்டங்களால் வென்றது. விடுமுறையில் வந்தபோது அவர் என்னிடம் சொன்னார்: "மௌலவி, ஊருல எல்லாரும் மெட்ச் பாத்தாங்க. நான் மெட்ச் முடிஞ்ச கதையத்தான் பாத்தன்."

இதில் மச்சினன் மீது குற்றமில்லை. சந்தோஷத்தை முதலில் யாரிடம் சொல்வது? தூரத்தில் இருப்பவரிடம்தானே! கோளாறு வேறிடத்தில் இருக்கிறது. செய்மதி பூமத்திய ரேகைக்கு மேலே ஏறக்குறைய 36,000 கிலோமீற்றர் உயரத்தில் நிற்கிறது. படம் அங்கே போய்த் திரும்ப கால் செக்கன் அளவுதான் எடுக்கும். இணைய வழி அப்படியல்ல. படத்தைச் சுருக்கி, சில செக்கன் நீளமுள்ள துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொன்றாக அனுப்புகிறார்கள். இடையில் தடைப்படாமல் ஓடுவதற்காக நமது தொலைபேசியும் சில துண்டுகளைச் சேர்த்து வைத்துக்கொண்டுதான் காட்டத் தொடங்குகிறது. இப்படியே அரை நிமிடம் பிந்திவிடும். சில வேளை அதற்கும் மேல். ஊரில் அன்டெனாவில் பார்ப்பவருக்கும் ரியாத்தில் தொலைபேசியில் பார்ப்பவருக்கும் "நேரடி" என்ற ஒரே சொல்லைத்தான் போடுகிறார்கள்.

இது புதிய கவலையுமல்ல. 1996 மார்ச் 17, லாகூர். அந்த நாளை மறந்தவர் நம்மில் யார்? அவுஸ்திரேலியா 241 ஓட்டங்கள் எடுத்தது. அரவிந்த டி சில்வா மூன்று விக்கட்டுகளை வீழ்த்தி, பின்னர் ஆட்டமிழக்காமல் 107 ஓட்டங்களும் எடுத்தார். 7 விக்கட்டுகளால் நாம் உலகக் கிண்ணத்தை வென்றோம். சவூதி அரசு 1994 இல் டிஷ் அன்டெனாக்களைத் தடைசெய்திருந்தது. ஆனாலும் கூரைகளில் அவை நின்றன. தொழிலாளர் முகாமில் இருந்தவர்களுக்கோ கூரையும் இல்லை, டிஷ்ஷும் இல்லை. சிற்றலை வானொலியைக் காதோடு அணைத்துக்கொண்டு இரைச்சலுக்குள் ஓட்டங்களைத் தேடினார்கள். ஊருக்கு ஒரு நிமிடம் பேசுவதற்கே கணக்குப் பார்த்த காலம். வீதியெல்லாம் பட்டாசு வெடித்த அந்த இரவை, ஊரிலிருந்து வந்த ஆள் கொண்டுவந்த வீடியோ கெஸட்டில் பல வாரம் கழித்துப் பார்த்தவர்களும் உண்டு.

இன்னொன்றையும் கவனித்துப் பாருங்கள். 1996 மார்ச் 17 ஞாயிற்றுக்கிழமை. டாக்காவில் இந்தியாவை வென்று இருபது ஓவர் உலகக் கிண்ணத்தைப் பெற்ற 2014 ஏப்ரல் 6 ஆம் திகதியும் ஞாயிறு. மேலே சொன்ன ஆசியக் கிண்ண நாளும் ஞாயிறு. உலகத்துக்கு அது ஓய்வு நாள். சவூதியிலோ ஞாயிறு வேலை நாள். 2013 ஜூன் வரை அங்கு வியாழனும் வெள்ளியும் விடுமுறை. அதன்பின் வெள்ளியும் சனியும். நாம் தோற்ற 2007, 2011 உலகக் கிண்ண இறுதிப் போட்டிகள் சனிக்கிழமை நடந்தன. அப்போது சனியும் அங்கே வேலை நாள்தான்! 2007 இல் பார்படோஸில் மழை பெய்து, போட்டி 38 ஓவராகக் குறைந்து, இருட்டில் முடிந்தபோது சவூதியில் நள்ளிரவு தாண்டிவிட்டது. தோல்வியைப் பார்ப்பதற்காகத் தூக்கத்தையும் விட்டவர்கள் காலையில் வேலைக்குப் போனார்கள்.

நேரக் கணக்கும் ஒரு தொல்லை. இலங்கையில் மாலை 7 மணி என்றால் ரியாத்திலும் கட்டாரிலும் குவைத்திலும் 4.30, துபாயிலும் மஸ்கட்டிலும் 5.30. மின்சாரத்தை மிச்சப்படுத்த 1996 மே மாதம் நமது நாட்டில் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன் தள்ளினார்கள். அக்டோபரில் அரை மணித்தியாலம் பின் எடுத்தார்கள். 2006 ஏப்ரலில்தான் பழைய நேரத்துக்குத் திரும்பினோம். அந்தப் பத்து ஆண்டுகளில் வளைகுடாவில் இருந்தவர்களிடம் கேட்டால், ஊர் நேரம் என்ன என்று விரல் மடித்துக் கணக்குப் பார்த்த கதைகள் நிறையச் சொல்வார்கள்.

மெல்பேர்ணில் குடியேறிய நமது பிள்ளைகளின் நிலை வேறு. இங்கே 7 மணிக்குத் தொடங்கும் போட்டி அங்கே இரவு 11.30 க்கு, கோடைகாலத்தில் 12.30 க்கு. முடிய மூன்று, நான்கு மணியாகிவிடும். அப்படி விழித்திருப்பவரின் ஸுபஹ் என்னவாகிறது? நான் மார்க்கம் கற்பிப்பவன், இதைக் கேட்காமல் இருக்க முடியாது. விழித்திருப்பது குற்றமென்று சொல்ல வரவில்லை. பாங்குக்கு ஒன்றரை மணித்தியாலம் முன்பு "கொஞ்சம் சரிந்து எழும்புவோம்" என்று படுப்பவர் எழும்ப மாட்டார் என்பது எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். விளையாட்டு மறுநாளும் பதிவில் இருக்கும்.

இனி, "இந்த நிகழ்ச்சி உங்கள் நாட்டில் கிடைக்காது" என்று திரையில் வரும் வாசகம். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு இது மனப்பாடம். ஊரில் இலவசமாக ஓடும் அலைவரிசையை அங்கிருந்து இணையத்தில் திறந்தால் செய்தி வரும், நாடகம் வரும். கிரிக்கட் வந்தவுடன் படம் கறுத்துவிடும். காரணம், ஒளிபரப்பு உரிமையை நாடு நாடாக, பிராந்தியம் பிராந்தியமாகப் பிரித்து விற்கிறார்கள். இலங்கைக்கு வாங்கியவர் இலங்கைக்கு மட்டும்தான் காட்டலாம். வளைகுடாவில் காட்டும் உரிமை வேறொரு நிறுவனத்திடம் இருக்கும். அதற்குக் கட்டணம் கட்ட வேண்டும். ஒரு வீட்டுப் பணிப்பெண்ணோ துப்புரவுத் தொழிலாளியோ ஒரு போட்டிக்காக மாதச் சந்தா கட்டுவாரா?

அப்போது திருட்டு வழிகள் கண்ணுக்குத் தெரிகின்றன. "மௌலவி, அது ஹறாமா?" என்று கேட்கிறார்கள். இஸ்லாமிய மாநாட்டு அமைப்பின் கீழ் இயங்கிய சர்வதேச பிக்ஹ் அகடமி, 1988 இல் குவைத்தில் கூடிய ஐந்தாவது அமர்வில், எழுத்துரிமை, கண்டுபிடிப்புரிமை போன்றவை ஷரீஆவில் மதிக்கப்படும் உரிமைகள், அவற்றை மீறக் கூடாது என்று தீர்மானித்தது. ஒளிபரப்பு உரிமையையும் நான் அந்த வகையில்தான் பார்க்கிறேன். கேட்டவருக்கு இது கசப்பான பதில். ஆனால் ஐந்தாறு பேர் காசு சேர்த்து ஒரு சந்தா எடுத்து, ஒரே அறையில் ஒரே திரையில் பார்க்க யார் தடுத்தார்? தனியாகக் காருக்குள் இருந்து பார்ப்பதைவிட அது நல்லதுமல்லவா?

கிரிக்கட்டை இத்துடன் விடுவோம். தோற்றாலும் வென்றாலும் அது விளையாட்டு. திரைக்கு முன்னால் தவித்திருப்பது என்றால் என்னவென்று 2004 டிசம்பர் 26 ஆம் திகதி நம்மவர்கள் கண்டார்கள். அதுவும் ஒரு ஞாயிறு. காலை 9 மணியளவில் கிழக்குக் கரையைக் கடல் அடித்தபோது கட்டாரில் காலை 6 மணி, வேலைக்குப் புறப்படும் நேரம். கல்முனைப் பக்கத்தைச் சேர்ந்த ஒரு சகோதரர் அப்போது அங்கிருந்தார். தொலைபேசி எடுபடவில்லை. முகாமின் சாப்பாட்டு மண்டபத்தில் இருந்த தொலைக்காட்சியின் முன் நின்றார். தாய்லாந்துக் கடற்கரை ஹோட்டல்களைக் காட்டினார்கள். பின்னர் காலி பஸ் நிலையத்தில் வெள்ளம் பஸ்களைப் புரட்டியதைக் காட்டினார்கள். மீண்டும் தாய்லாந்து. மீண்டும் காலி. மருதமுனையும் சாய்ந்தமருதும் பொத்துவிலும் மூதூரும் கிண்ணியாவும் எங்கே? இலங்கையில் மிக அதிகமானோர் உயிரிழந்தது அம்பாறை மாவட்டத்தில். அந்தக் கரையில் கெமராவும் இல்லை, போவதற்குப் பாதையும் இல்லை. அம்பாந்தோட்டையில் ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்கு வந்திருந்த எத்தனையோ பேரைக் கடல் கொண்டுபோனது. அதையும் உலகம் பிறகுதான் கேட்டது.

அவர் சொன்னதை இன்றும் மறக்க முடியவில்லை. ஹெலிகொப்டரிலிருந்து எடுத்த படங்கள் வரத் தொடங்கியதும், இடிபாடுகளுக்கு நடுவே பள்ளிவாசல் மினாரா ஏதும் தெரிகிறதா என்று பார்த்தாராம். மினாரா தெரிந்தால் ஊரை அடையாளம் காணலாம். அதிலிருந்து எத்தனையாவது ஒழுங்கை நமது வீடு என்று எண்ணலாம். ஆனால் படம் மூன்று செக்கன்தான் நிற்கும், அடுத்தது வந்துவிடும். "நிப்பாட்டுங்கடா!" என்று தொலைக்காட்சியைப் பார்த்துக் கத்தினாராம். பக்கத்தில் நின்ற நேபாளச் சகோதரர் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாராம். மூன்றாம் நாள் இரவு மாமியின் குரல் கிடைத்தது. உம்மா இருக்கிறார். தங்கச்சியும் பிள்ளை இரண்டும் இல்லை. இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். ஊர் வந்து சேர்வதற்குள் ஜனாஸாக்கள் அடக்கப்பட்டுவிட்டன.

இதைச் சொல்லும்போது இன்னொரு காலமும் நினைவுக்கு வருகிறது. 2020 இல் கொரோனாவால் இறந்தோரைத் தகனம் செய்தே ஆக வேண்டும் என்று சட்டமாக்கினார்கள். 2021 பெப்ரவரி இறுதியில்தான் அடக்கம் செய்ய அனுமதி வந்தது. மார்ச் 5 ஆம் திகதி ஓட்டமாவடியில் முதல் ஜனாஸாக்கள் அடக்கப்பட்டன. விமானங்களும் ஓடாத அந்த மாதங்களில், ஊரில் உம்மாவோ வாப்பாவோ ஆஸ்பத்திரியில் இருக்க, வெளிநாட்டில் இருந்த பிள்ளைகள் ஒவ்வொரு செய்தி அறிக்கையையும் எப்படிப் பார்த்திருப்பார்கள்?

சாதாரண காலத்திலும் நமது ஜனாஸாக்கள் காத்திருப்பதில்லை. காலையில் மவுத்து, அஸருக்கு அடக்கம். கபீல் கையொப்பமிட்டு, திரும்பி வருவதற்கான அனுமதி எடுத்து, டிக்கட் போட்டு வருவதற்குள் மூன்றாம் நாள் ஆகிவிடும். எனவே வீட்டில் ஒருவர் தொலைபேசியைப் பிடிக்க, மகன் ஜித்தாவிலிருந்து பார்க்கிறார். நடுவில் படம் உறைந்து நின்றுவிடும், சந்தூக்கு வீட்டு வாசலைத் தாண்டும் அந்த இடத்தில்தான். "கடைசியாக முகத்தைப் பார்க்கக் கிடைக்கவில்லை, ஜனாஸாத் தொழுகையும் தவறிவிட்டது" என்று அழுபவர்களுக்கு நான் ஒரு விடயத்தைச் சொல்வதுண்டு.

ஹபஷா நாட்டு மன்னர் நஜ்ஜாஷி இறந்தபோது நபி (ஸல்) அவர்கள் மதீனாவில் ஸஹாபாக்களை வரிசையாக நிறுத்தி அவருக்காகத் தொழுவித்தார்கள். புஹாரியிலும் முஸ்லிமிலும் வரும் செய்தி இது. இதனை ஆதாரமாகக் கொண்டுதான் நமது ஷாபிஈ மத்ஹபில் தூரத்தில் உள்ள மய்யித்துக்கு 'காயிப்' ஜனாஸாத் தொழுகை கூடும் என்கிறோம். அதற்குத் திரை தேவையில்லை, இணையம் தேவையில்லை. மய்யித்தைக் குளிப்பாட்டியாகிவிட்டது என்று ஊரிலிருந்து ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு, வுழூச் செய்து, கிப்லாவை நோக்கி நின்று, நான்கு தக்பீர் சொல்லித் தொழலாம். தனியாகவும் தொழலாம். ஹனபி, மாலிகி மத்ஹபுகளில் இது இல்லை. ஆகவே அறையில் இருக்கும் பாகிஸ்தான் சகோதரர் சேராமல் ஒதுங்கி நின்றால் மனம் நோக வேண்டாம்.

ஆனால் எல்லாவற்றையும் இப்படி எடுத்துவிட முடியாது. மக்காவின் தறாவீஹை நேரடி ஒளிபரப்பில் பார்த்து, அந்த இமாமைப் பின்பற்றித் தொழலாமா என்று றமழான் தோறும் கேட்கிறார்கள். கூடாது. இமாமும் பின்னால் நிற்பவரும் ஓரிடத்தில் சேர்ந்திருப்பது நிபந்தனை. பள்ளிக்கு வெளியே என்றால் ஏறக்குறைய 300 முழம் என்று நமது மத்ஹபில் எல்லை சொல்கிறார்கள். சென்ற ஆண்டு எங்கள் தெருவில் ஒரு சகோதரி அறபாவை நேரடியாகப் பார்த்துக்கொண்டிருக்கையில், ரியாத்தில் இருக்கும் கணவரிடம், "இஞ்சாருங்க, இம்புட்டு சனத்தையும் காட்டுறான், நீங்க அந்த நாட்டுலதானே இருக்கீங்க, உங்களக் காணல்லியே!" என்றாராம். மனிதர் மக்காவிலிருந்து 800 கிலோமீற்றருக்கு அப்பால் ஒரு கட்டடத்தில் நின்று, அதே படத்தைத் தொலைபேசியில் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

கடைசியாக நிகாஹ். மகளின் சீதனத்துக்கும் வீட்டுக்கும் 12 ஆண்டுகள் குவைத்தில் உழைத்த வாப்பா, நிகாஹ் அன்று வர முடியாமல் போகிறது. விடுமுறை இல்லை என்று முதலாளி கைவிரித்துவிட்டார். "வீடியோவில் வந்து நானே நிகாஹ் செய்துகொடுக்கிறேன்" என்கிறார். நவீன தொடர்புச் சாதனங்கள் மூலம் செய்யும் ஒப்பந்தங்கள் செல்லுபடியாகும் என்று மேற்சொன்ன பிக்ஹ் அகடமி 1990 இல் தீர்மானித்தபோது, சாட்சிகள் வேண்டும் என்பதால் நிகாஹை அதிலிருந்து விலக்கியது. எனவே வலீயாகிய வாப்பா முன்கூட்டியே எழுத்து மூலம் ஒருவரை வகீலாக நியமிப்பதே பாதுகாப்பு. தம்பியாகவோ கதீபாகவோ இருக்கலாம். அந்தக் கடிதத்தை விவாகப் பதிவாளரிடம் நேரத்தோடு காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள். அதன்பின் நிகாஹ் வகீலின் வாயாலும் மாப்பிள்ளையின் வாயாலும் இரு சாட்சிகளின் முன் நிறைவேறும். ஈஜாப் சொல்லும் நேரம் குவைத்தில் படம் நின்றுபோனாலும் நிகாஹ் குறைபடாது.

அப்படியே எங்கள் பள்ளியில் ஒரு நிகாஹ் நடந்தது. வாப்பாவுக்குக் காட்டும்படி தொலைபேசியை ஒரு சிறுவன் கையில் கொடுத்திருந்தார்கள். அவன் கண் பிஸ்கட் தட்டில். பிறகு நான் வாப்பாவுடன் பேசியபோது சிரித்துக்கொண்டே சொன்னார்: "மௌலவி, மகள்ட நிகாஹ் முழுக்க ஃபேன் சுத்துறதத்தான் பாத்தன். மூணு ஃபேன். பள்ளிக்கு அந்த ஃபேன வாங்க நானும்தான் காசு அனுப்பின." சிரிப்பு முடிந்த பிறகு சிறிது நேரம் இருவரும் ஒன்றும் பேசவில்லை.

வரும் மாதம் அவருடைய இரண்டாவது மகளின் நிகாஹ். இம்முறையும் விடுமுறை கிடைக்கவில்லை. தொலைபேசியை மிஹ்ராபுக்குப் பக்கத்து ஜன்னல் கட்டில் நிறுத்திக் கட்டிவைப்பது என்றும், வாப்பாவின் முகம் திரையில் தெளிவாகத் தெரியும் வரை குத்பாவைத் தொடங்குவதில்லை என்றும் கதீபோடு பேசி வைத்திருக்கிறோம். சபையோர் பத்து நிமிடம் காத்திருக்க வேண்டி வரலாம். சொல்லிவிட்டேன், இன்ஷா அல்லாஹ் காத்திருப்பார்கள்.